வில்மா ஜீன் ஊறுகாயின் அதிகாரபூர்வ முகம்

மனித குலம் இதுவரை கண்டடைந்த அறங்களிலெல்லாம் தலையாயது, பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் காசில்லாமல் வாடிவிடக் கூடாதே என்று அறுபது வயதுக்காரர்கள் வாடுவதுதான். இந்த அறம் மிசிசிப்பி ஆற்றோரத்தில், ஹார்லோ பெண்ட் என்ற ஊரில், நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்து வருகிறது. அந்த ஊரில் பாலம் ஒன்று பாதி இடிந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஆனாலும் ஹார்லோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ‘நாரைகள்’ தோற்கிற சனிக்கிழமைகளில் மட்டும்தான் ஊர் தன்னை ஏழை என்று உணரும்.

டயர் கடை ஓடெல் ப்ரூயிட் இந்த அறத்தின் தூண்களில் ஒருவர். கடைச் சுவர் நாரை நீலம், வண்டி நாரை நீலம், தலையில் சதா காலமும் நாரை பொம்மை வைத்த தொப்பி. கல்யாணத் தேதியைக்கூட நாரைகளுக்கு ஆட்டமில்லாத மாதமாகப் பார்த்துத்தான் குறித்தார். பெண் வீட்டார் அக்டோபர் என்றார்கள், இவர் ஜூன் என்றார். கல்யாணம் ஜூனில் நடந்தது. மனைவி வில்மா ஜீன் மேல் அவருக்கு எவ்வளவு அன்பிருந்தால் அவளுக்காக ஒரு ஜூன் மாதத்தையே ஒதுக்கியிருப்பார் என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த வருடம் நாரைகளுக்குப் பிரென்னன் டாலிவர் என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், வாய்த்திருந்தான். இவன் எறிந்த பந்து எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. வயலில் களை எடுக்காதவர்கள்கூட அவனுக்காக மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினார்கள். நவம்பர் பிறந்ததும் பேரிடி விழுந்தது. வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்று அவன் மேல் கண் வைத்திருக்கிறதாம். ஆட்டக்காலம் முடிந்ததும் வீரர்கள் கல்லூரி மாற வாசல் திறந்துவிடும், அவன் அந்த வாசல் வழியாகப் போய்விடுவானாம்.

‘நாரை நெஞ்சங்கள்’ உடனே அவசரக் கூட்டம் கூட்டியது. இது ரசிகர்களின் சங்கம். வீரர்களுக்கு ‘விளம்பர ஊதியம்’ கிடைக்க வழிசெய்வதே இதன் ஒரே நோக்கம். பிக்கப் வண்டி விற்கும் ஹாய்ட் மெக்லெண்டன் தலைவர். அவருடைய காட்சிக்கூடத்தின் பின்னறையில், பிஸ்கட்டும் தொத்திறைச்சியும் பரிமாறப்பட்ட பிறகு, நாட்டின் நெருக்கடி நிலை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

“ஆடுறதுக்குக் காசு குடுத்தா அது லஞ்சம்,” என்று ஹாய்ட் விளக்கினார். “விளம்பரத்துக்குக் குடுத்தா அது வியாபாரம். இந்த வித்தியாசம் புரியாதவங்க யாராவது இருக்கீங்களா?”

யாரும் இல்லை. புரியாதவர்கள் இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள்.

“சரி. அப்ப சிக்கல் என்னன்னா, இதெல்லாம் சரிபாக்குறதுக்குன்னு ஒரு ஆபீஸ் வெச்சிருக்கானுங்க. என் வண்டிக்கு அவன் விளம்பரம் பண்றதா எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டானுங்க. இந்த ஊர்ல வண்டி வாங்குற எல்லாரும் ஏற்கெனவே உங்ககிட்டதானே வாங்குறாங்க, அப்புறம் விளம்பரம் எதுக்குன்னு கேக்குறானுங்க. ‘உண்மையான வணிக நோக்கம்’ வேணுமாம்.”

“அப்படின்னா?” என்றார் ஓடெல்.

“நிஜமாவே ஒரு சாமான் இருக்கணும். அது விக்கணும். ஆனா இதுவரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது.”

அப்போது ஹாய்டின் பார்வை மேசை மேலிருந்த கண்ணாடிக் குப்பியில் விழுந்தது. பச்சைத் தக்காளி, முட்டைக்கோஸ், வினிகர், சர்க்கரை, மிளகாய் எல்லாம் போட்டுக் கிளறிய ஊறுகாய். வில்மா ஜீன் செய்தது. ஆட்ட நாளன்று மைதானத்துக்கு வெளியே எல்லோரும் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு அடுப்பு மூட்டுவார்களே, அங்கே அவளும் ஒரு மடக்கு மேசை போட்டு ஐந்தாறு குப்பி விற்பாள். காராமணிக்கும் சோள ரொட்டிக்கும் அதைத் தொட்டுக்கொள்ளாதவன் அந்த ஊரில் இல்லை. ஊருக்கு வெளியே அதை அறிந்தவனும் இல்லை.

“இதோ இருக்குய்யா வணிக நோக்கம்,” என்றார் ஹாய்ட்.

பிறகு வழக்கம்போல் மேசையைச் சுற்றி நன்கொடை அறிவிப்பு நடந்தது. உரக்கடைக்காரர் மூவாயிரம் டாலர் என்றார். பல் மருத்துவர் நாலாயிரம் என்றார். தலைவர் என்ற முறையில் ஹாய்ட், ‘ஒருங்கிணைப்பு’ என்ற விலைமதிக்க முடியாத பொருளைத் தம் சொந்தப் பொறுப்பில் வழங்கினார். ஓடெலின் முறை வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஊறுகாய் அவர் வீட்டு ஊறுகாய். குறைவாகச் சொன்னால் ஊறுகாய்க்கே அவமானம்.

“ஏழாயிரம்,” என்றார்.

அறையே எழுந்து கைதட்டியது. ஹாய்ட் அவரைக் கட்டிக்கொண்டார். ஓடெலின் கண்கள் கலங்கின. அந்த ஏழாயிரம் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்தபோது கைதட்டல் ஓய்ந்திருந்தது.

அது வில்மா ஜீனின் வலது முழங்காலுக்காக இருந்தது. எலும்பு தேய்ந்து, மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் ஜனவரியில் நாள் கொடுத்திருந்தார். முதல் ஏழாயிரத்தை நோயாளியே கட்டினால்தான் காப்பீட்டுக் கம்பெனி மற்றதைக் கட்டும். அவள் ஊறுகாய் விற்றும், பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு கழுவியும் சேர்த்த பணம்.

ஓடெல் வீட்டுக்கு வந்தபோது அவள் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“வில்மா, உனக்கு ஒரு நல்ல சேதி. பிரென்னன் டாலிவர் உன் ஊறுகாய்க்கு விளம்பரம் பண்ணப் போறான்.”

“எந்த டாலிவர்? பந்து எறியுற பையனா? அவனுக்கு என்ன கேடு?”

“ஒப்பந்தம். முறைப்படி. உன் ஊறுகாயோட அதிகாரபூர்வ முகம் அவன்தான்.”

“அதுக்கு அவனுக்கு யாரு காசு குடுக்குறா?”

“நம்ம எல்லாரும் சேந்துதான்.”

“நம்ம எவ்வளவு?”

ஓடெல் சொன்னார். அவள் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

“ஓடெல், நான் செஞ்ச ஊறுகாயை நானே வித்து, அந்தக் காசை அவனுக்குக் குடுத்து, அவன் என் ஊறுகாயை வாங்கச் சொல்லி ஊருக்குச் சொல்லப் போறானா?”

“இப்படிச் சொன்னா கேக்குறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். இது முதலீடு. ஊறுகாய் ஓடிச்சுன்னா பணம் திரும்பி வந்துரும்.”

“எப்ப?”

“ஜனவரிக்குள்ள.”

“ஓடலைன்னா?”

“பிரென்னன் இருக்கும்போது எப்படி ஓடாம இருக்கும்?”

முப்பது வருடமாக ஒரு மனிதனைத் தொப்பியோடு பார்த்தவளுக்குத் தொப்பியைக் கழற்றச் சொல்வது வீண் என்று தெரியும்.

விளம்பரம் அவள் சமையலறையிலேயே எடுக்கப்பட்டது. பையன் நல்ல பையன்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான், கேமராக்காரன் போன பிறகும் குப்பியை வழித்துச் சாப்பிட்டான். அவன் பேச வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று: “வில்மா ஜீன் ஊறுகாய், எனக்கு இது போதும்.” அந்தப் போதும் என்ற சொல்லுக்கு மட்டும் சங்கம் திரட்டிய தொண்ணூறாயிரம் டாலர்.

விளம்பரம் வெளியானதும் யாரும் எதிர்பாராத விபத்து ஒன்று நிகழ்ந்தது. ஊறுகாய் விற்றது. ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் பிழைக்கப் போயிருந்த பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு டஜன் கேட்டார்கள். ஹாய்ட் ஓடி வந்தார்.

“வில்மா, எல்லாருக்கும் அனுப்பியே ஆகணும். அனுப்பலைன்னா ‘உண்மையான வணிகம்’ இல்லன்னு அந்த ஆபீஸ் பயலுங்க ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிருவானுங்க.”

“ஒரு குப்பிக்கு எவ்வளவு நிக்கும்?”

“தபால் செலவு, குப்பி, லேபிள், சங்கத்துப் பங்கு எல்லாம் போக... நிக்காது. ஆனா வணிகம் நிக்கும்ல?”

வணிகம் நின்றது. வில்மா ஜீனும் நின்றாள். தேவாலயச் சமையலறையில் காலையிலிருந்து அடுப்பு முன்னால், வலது காலில் பாரம் போடாமல் இடது காலிலேயே நின்றாள். பாடகர் குழுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தக்காளி அரிந்தார்கள். ஓடெல் பெட்டி ஒட்டினார், இடையிடையே, “உன்னைப் பத்தி ஊரே பெருமையாப் பேசுது,” என்று உற்சாகப்படுத்தினார். நாற்காலி கொண்டுவர அவருக்குத் தோன்றவில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பக்கத்து ஊர்ப் பரம எதிரியுடன் ஆட்டம். மூன்றாம் பகுதியில் பிரென்னன் டாலிவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தான். வாழ்நாளில் ஓடெல் அப்படி அழுததில்லை. மாமனார் சவப்பெட்டியின் முன்னால்கூட நிதானமாக இருந்தவர்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் லெஸ்டர் அந்த முழங்காலின் ஒவ்வொரு தசைநாரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்தார். ஊரே மண்டியிட்டது, மண்டியிட முடியாத ஒருத்தியைத் தவிர. முடிந்ததும் வழக்கப்படி, “வேற ஜெப விண்ணப்பம் யாருக்காவது இருக்கா?” என்று கேட்டார்.

வில்மா ஜீன் கையைத் தூக்கினாள். “முழங்காலுக்காக, பாஸ்டர்.”

“அதுக்குத்தானே சகோதரி இவ்வளவு நேரம் ஜெபிச்சோம்?”

“அது இல்ல. என்னோடது.”

பாஸ்டர் சற்றுத் தடுமாறினார். இரண்டு முழங்கால்களை ஒரே வாரத்தில் கேட்டால் முதல் விண்ணப்பம் வலுவிழந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு. “மொத்தமா முழங்கால்னு சொல்லியாச்சு. எது யாரோடதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?” என்று முடித்துக்கொண்டார். சபையும் ஆமென் சொல்லிக் கலைந்தது.

ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே பையனைத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள், மாநிலத்தின் பெரிய டாக்டர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்தார். புத்தாண்டுக்குள் அவன் நடந்தான், அப்புறம் ஓடவும் செய்தான். வில்மா ஜீனின் டாக்டரிடமிருந்தும் போன் வந்தது, பணம் கட்டாததால் அவளுக்குக் குறித்த தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜனவரியில் ஒரு நாள் பிரென்னன் டாலிவரே வீட்டு வாசலில் வந்து நின்றான். ஓடெலுக்குத் தலைகால் புரியவில்லை. அணியிலேயே இருக்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான், அதையும் முதலில் தன்னிடம் சொல்ல வந்திருக்கிறான். தன் சாய்வு நாற்காலியிலேயே அவனை உட்காரவைத்தார்.

“சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் சார்,” என்றான் பையன். “வேற காலேஜுக்குப் போறேன். அவங்க இதைவிட மூணு மடங்கு தர்றாங்க. எங்கம்மா, போனா அந்த ஊறுகாய் ரெண்டு குப்பி வாங்கிட்டு வான்னாங்க. அதான்.”

வில்மா ஜீன் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, குப்பிகளை எடுத்துவந்தாள். பையன் அவள் நடையைக் கவனித்தான். அந்த ஊரில் அதைக் கவனித்த முதல் ஆள்.

“முழங்காலா மேடம்? டாக்டர்கிட்டப் போகலையா?”

“போனேன். ஜனவரில பண்றதா இருந்துச்சு.”

“இது ஜனவரிதானே?”

“காசு வேற செலவுக்குப் போயிருச்சுப்பா.”

பையன் புருவத்தைச் சுருக்கினான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. “எனக்கு ஒண்ணுமே தெரியல மேடம். கீழ விழுந்தேன், கண்ணு முழிச்சா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. யாரு குடுத்தா, எவ்வளவு குடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரசிகருங்க பாத்துக்குவாங்க.” குப்பிகளை வாங்கிக்கொண்டு, மரியாதையாக, குரலைத் தாழ்த்திக் கேட்டான். “உங்களுக்குன்னு ரசிகர் யாரும் இல்லையா மேடம்?”

வில்மா ஜீன் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

ஓடெல் ப்ரூயிட் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். ஹார்லோ பெண்ட் வரலாற்றில் ஒரு ரசிகனிடமிருந்து சத்தமே வராமல் போனது அன்றுதான்.