றெஜினோல்டர் ஒற்றைக் கோல் கொண்ட காதை

வாழி, ஒன்பதாம் இலக்கச் சட்டை புனைந்த தோளன்! வாழி, பாரந்தூக்கும் வண்டியைத் தேரெனச் செலுத்தும் ஜெர்மனியின் ஹம் நகரத் தொழிற்சாலைத் தோன்றல்! தொந்தி முன்செல்லத் தான் பின்செல்லும் தகைமையன், கட்டுப்போட்ட முழங்காலும் கட்டவிழாத நெஞ்சமும் உடையோன், மன்னார்க் கரை ஈன்ற முன்கள வேங்கை றெஜினோல்டர் வாழி! காணாமற்போன சாவியையும் கடவுச்சீட்டையும் தேடித்தரும் அந்தோனியாரே, இவர் தொலைத்த கோலையும் கொஞ்சம் தேடிக்கொடும்.

தொலைத்தார் என்பதும் பிழை, இருந்தாலல்லவோ தொலைப்பதற்கு! கல்லூரிக் காலமெல்லாம் இவ்வண்ணல் வீற்றிருந்தது மைதானத்திலன்று, மாற்று வீரர் குந்தும் வாங்கிலே. இன்றோ, அக்கல்லூரியின் பழைய மாணவர் ஜெர்மனியில் ஊருக்கோர் உதைபந்தாட்ட அணி கண்டு, கோடைதோறும் ஒருவரையொருவர் மோதிக் களிக்கும் பெரும்பருவத்தில், ஹம் அணியின் முன்களமே இவர்தான். அவ்வணி டோட்முண்டில் மழையில் தோற்று, கொலோனில் வெயிலில் தோற்று, பிறேமனில் எதிரணியில் பாதிப்பேர் வராதபோதும் பழுதின்றித் தோற்று, பருவம் முழுதும் கோலடியா நோன்பு காத்து வந்தது. சீ, என்ன வெட்கக்கேடு!

பருவத்தின் கடைசிப் போர் ஸ்ருட்காட் அணியோடு ஹம்மிலேயே மூண்டது. ஹம் பழைய மாணவர் சங்கத் தலைவர் பென்ஜமின் ஒலிவாங்கி ஏந்தி முழங்கினார்: "இண்டைக்கும் ஒரு கோல் அடிக்கேல்லையெண்டால் அணியைக் கலைக்கிறம். சட்டையளைப் பட்மின்ரன்காரருக்குக் குடுக்கிறம்!"

பட்மின்ரனா! இறகை விரட்டும் முதுகிலா ஒன்பதாம் இலக்கம் ஏறுவது! றெஜினோல்டர் தம் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டார். அன்று காலைதான் அவர் மனைவியிடம் மனந்திறந்திருந்தார்: "இஞ்சரும் பிளோறன்ஸ், சாகிறதுக்கு முதல் ஒரேயொரு கோல் அடிச்சாப் போதும்."

"முதல்லை முழங்காலுக்கு மருந்தைப் பூசுங்கோ," என்றாள் அம்மாதரசி.

முரசு இல்லாக் குறையைக் குழந்தைகளின் அழுகை தீர்க்க, சங்கு இல்லாக் குறையை ஜெர்மன்காரியான நடுவர் யூலியாவின் விசில் தீர்க்க, ஆட்டுக்கறி ரோல்ஸ் பொரியும் புகை போர்ப்புழுதியென எழ, ஸ்ருட்காட் வீரர் கோல்மேற் கோல் குவித்து அலுத்து, ஆட்டம் முடியும் தறுவாயில் தம்முள் கதைத்துக்கொண்டு நிற்க, தனித்துக் கிடந்த பந்தொன்று நம் நாயகர் காலடியில் வந்து அடைக்கலம் புகுந்தது. எதிரே வெட்டவெளி! கோல் காவலன் டெனிஸ்டன் ஒருவனே! ஓங்கினார் காலை, வழுக்கிற்று சப்பாத்து. பெருவிரல் நுனி பட்ட பந்து, பென்சன் எடுத்த மனிதர் கடைக்குப் போவதுபோல ஆறுதலாக உருண்டது. டெனிஸ்டன் கொட்டாவி விட்டபடி அதை எடுக்கக் குனிந்தான்.

அக்கணத்தில் ஓரத்தில் நின்ற பென்ஜமின், ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான பிளோறன்ஸிடம், "பரிசளிப்புக்கு முதல் கல்லூரிக் கீதத்தை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அக்கா," என்றார். அவளும் போட்டாள்.

எழுந்ததையா கீதம்! அக்கல்லூரியின் விதி ஒன்றே: கீதம் கேட்டால் கேட்ட இடத்தில் குதிகால் சேர்த்து நிமிர்ந்து நில், அசைந்தவன் கெண்டைக்காலில் அதிபர் யோசப் சாமியாரின் பிரம்பு. சாமியார் விண்ணகம் ஏகி நெடுங்காலமாயினும் அப்பிரம்பு இன்னும் அவர்கள் கெண்டைக்காலில் உயிரோடிருந்தது. இருபத்திரு வீரரும் கல்லாயினர். குனிந்த டெனிஸ்டன் விருட்டென நிமிர்ந்து கைகளை விலாவில் ஒட்டினான். பந்து மட்டும் அக்கல்லூரியில் படிக்கவில்லை.

ஐயோ, நம் நாயகரின் பாடு! இரண்டடி ஓடி ஓர் உதை உதைத்தால் வாழ்நாள் வேட்கை தீரும். ஓடலாமோ? கீதமல்லவா! பல்லைக் கடித்து நின்றார், பாடினார். முதலடியில் பந்து டெனிஸ்டனின் சப்பாத்தை அணுகி, சேர்ந்த குதிகாலிடையே வழி காணாது ஓரமாக ஒதுங்கியது. இரண்டாமடியில் கோட்டருகே தயங்கியது. மூன்றாமடிக்கு வரி மறந்துபோக, வாயை மட்டும் அசைத்தபடி அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார் றெஜினோல்டர். கடைசி அடியில், அம்மம்மா, பந்து கோட்டைக் கடந்தது! ஆரவாரிக்க ஒருவருக்கும் உரிமையில்லை. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் கையெடாமல், ஆடாமல் அசையாமல் நின்றார் வென்றவர்.

கீதம் ஓய்ந்தது. ஒன்றும் விளங்காத யூலியா விசிலூதி நடுவட்டத்தைக் காட்டினாள்.

"அண்ணை, இதுவும் கோலோ?" என்றான் டெனிஸ்டன்.

"ஓம் தம்பி, கோல்தான்!" என்று விம்மினார் றெஜினோல்டர். தோழர் அவரைத் தோளில் ஏற்றினர். ஏலாமல் இறக்கியும் விட்டனர். பென்ஜமின் மீண்டும் ஒலிவாங்கி ஏந்தி, மைதானம் அதிரப் பிரகடனம் செய்தார்: "அணி கலையாது! சட்டை ஒருத்தருக்கும் இல்லை! வாற சனிக்கிழமை காலமை எல்லாரும் பயிற்சிக்கு வாங்கோ!"

சனிக்கிழமை பயிற்சிக்கு ஒருவரும் வரவில்லை, றெஜினோல்டர் உட்பட.