ஒரு டேங்கில் எவ்வளவு தூரம்

இந்த வருஷமாவது வண்டி வாங்கிவிடுவது என்று மோவாகி தீர்மானித்தார். அதோடு நிறுத்தவில்லை. அது பக்கிதான் என்றும் தீர்மானித்தார். பிக்கப் வண்டிக்கு இந்த ஊரில் பக்கி என்று பேர். தமிழ்க் காதில் அது திட்டு மாதிரி விழும். ஆனால் இந்த நாட்டுத் தலைநகரான கபரோனியில் ஓர் ஆண்பிள்ளை அந்த வார்த்தையைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

மோவாகி ஊருக்கெல்லாம் வண்டி சொன்னவர். வேலை என்னவோ அரசாங்க மோட்டார் பணிமனையில் பதிவேடு எழுதுவது. புகழ் வேறு இடத்தில். வாரப் பத்திரிகை ஒன்றில் பதினொரு வருஷமாக ‘எதை வாங்கலாம்?’ என்று அரைப் பக்கம் எழுதுகிறார். இருநூறு வண்டிகளுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மார்க் போட்டிருக்கிறார். அவரைக் கேட்காமல் டயர்கூட மாற்றாதவர்கள் இருக்கிறார்கள். அவர் சொந்தமாக வைத்திருந்ததோ பத்தொன்பது வயசான ஒரு ஜப்பான் கார். சாவியைத் திருப்பினால் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். அவரும் “சரி, சரி” என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஏன் புதுசு வாங்கவில்லை என்றால், எந்த வண்டியும் இதுவரை நூற்றுக்கு நூறு வாங்கவில்லை.

மார்க் போடும் வியாதி வண்டியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சாப்பாட்டு மேஜையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“கீரைக்கு ஏழு. இறைச்சி இன்னும் கொஞ்சம் இடிபட்டிருக்கலாம். ஆறரை.”

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் மனைவி பசாடி. பெரிய ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, இறைச்சியை வேகவைத்து, உப்புப் போட்டு, உலக்கையால் இடித்து, ஆறரை வாங்குவாள். இருபத்திரண்டு வருஷமாக வாங்கியிருக்கிறாள். ஒருநாளும் மறுமதிப்பீடு கேட்டதில்லை. அதை மோவாகி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பக்கி விஷயத்தில் மட்டும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். பசாடிக்குச் சின்னதாக ஒரு ஹைப்ரிட் கார் மேல் ஆசை என்பது அவருக்குத் தெரியும். அதனால் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு ரக வண்டிகளை ஒப்பிட்டு அட்டவணை தயாரித்தார். அதில் கொஞ்சம் திருட்டுத்தனமும் செய்தார். மைலேஜுக்கு அஞ்சு மார்க். சொகுசுக்கு மூன்று. மணலில் புதையாமல் வெளியே வருவதற்கு முப்பது. மாட்டுப் பட்டிக்கு, மாடு நக்குகிற உப்புக்கட்டி ஏற்றிப்போவதற்கு இருபத்தைந்து. நூறு கிலோமீட்டர் தள்ளி அவருக்குப் பதினொரு மாடுகள் இருந்தன. மாதம் ஒருமுறைதான் போவார். அந்தப் பதினொரு மாடுகளும் சேர்ந்து வீட்டுக்கு வண்டி தேர்ந்தெடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து, அட்டவணையை விரித்தார்.

“நாலு ரகம் பார்த்திருக்கேன். முதல்ல குடும்ப வண்டி. ஏழு சீட்டு. நாப்பத்தொண்ணு.”

“ஏன் அவ்வளவு கம்மி?”

“ஏழு சீட்டு வெச்சா ஏழு பேரு வருவாங்க. உங்க அக்கா வீட்டுலயே அஞ்சு பேரு.”

“சரி. அடுத்தது?”

“கிராஸ்ஓவர். ஜீப் மாதிரி நிக்கும், கார் மாதிரி ஓடும், மணலைப் பார்த்தா மாடு மாதிரி உக்காந்துடும். நாப்பத்தாறு.”

“ஹைப்ரிட்?”

“வருத்தப்படக்கூடாது. முப்பத்தெட்டு.”

“பெட்ரோலை மோந்துதான் பார்க்கும், குடிக்காதுன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“குடிக்காதுதான். ஆனா ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு மாதிரி அது. பேட்டரி இழுக்குதா, இன்ஜின் இழுக்குதான்னு தெரியாது.”

“குடும்பத்தை யாராவது ஒருத்தர் இழுத்தா சரிதானே. பக்கிக்கு எவ்வளவு?”

“தொண்ணூத்திரண்டு.”

சொல்லிவிட்டு மோவாகி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் என்னென்ன கேட்பாள், அதற்கு என்னென்ன பதில் என்று எட்டு குறிப்புகள் உள்ளே இருந்தன.

“அப்ப பக்கியே வாங்கிடலாம்,” என்றாள் பசாடி.

எட்டுக் குறிப்பும் பாழ். மோவாகிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

“இந்த மாசம் எனக்குச் சீட்டுப் பணம் வருது,” என்று அவள் தட்டுகளை அடுக்கினாள். “அதுல எடுத்துடலாம். என் பேர்லயே எழுதிக்கலாம்.”

“உன் பேர்லயா?”

“பணம் என்னுதுதானே. பேரு யாருதா இருந்தா என்ன? ஓட்டுறவங்க ஓட்டப்போறாங்க.”

ஓட்டுகிறவர் தான்தான் என்பதில் மோவாகிக்குச் சந்தேகமே வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பசாடி வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வேலையிலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்பாள்.

“ஒரு டேங்க்ல எவ்வளவு தூரம் போகும்?”

“லோடு இல்லாம எண்ணூறு கிலோமீட்டர்.”

“லோடோட?”

“அறுநூத்தம்பதுன்னு வெச்சுக்கோ. நீ எதுக்கு அவ்வளவு தூரத்தைப் பத்திக் கவலைப்படறே?”

“வண்டின்னா தெரிஞ்சுக்க வேண்டாமா? ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஏத்தணும்னா படுக்க வைக்கணுமா, நிக்க வைக்கணுமா?”

“நிக்க வைக்கணும். படுக்க வெச்சா உள்ள எண்ணெய் இடம் மாறிடும். டிரைவர் முதுகுப் பக்கமா நெருக்கி வெச்சு, குறுக்கால ரெண்டு கயிறு.”

“ரோட்டுல கழுதை குறுக்க வந்தா?”

“முன்னாடி இரும்புக் கம்பி போட்டுக்கலாம். ஆனா ஒடிச்சுத் திருப்பாதே. லோடு இருக்கிற பக்கி குடை சாஞ்சிடும். பிரேக்கை மட்டும் மிதி.”

அவள் தலையாட்டுவாள். சில சமயம் கையிலிருக்கிற மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வாள். மோவாகி உருகிப்போனார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மாதிரி அவர் பேச அவள் கேட்டதில்லை. ஒருநாள் கீரைக்கு ஒன்பது போட்டார். அவளுக்கு ஜாக்கி வைக்கக் கற்றுக்கொடுத்தார். பழைய காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பதினான்கு நிமிஷம். “நர்ஸ் கை, நல்ல கை,” என்று பாராட்டினார். ராத்திரி படுக்கும்போது, இத்தனை காலம் இவளோடு பேசாமலே வீணாக்கிவிட்டோமே என்றுகூட நினைத்தார். அவர் அப்படி நினைத்தது உண்மை. அதையாவது அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஷோரூமில் மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். லெண்ட்ஸ்வே என்ற விற்பனைக்காரன் மோவாகியைப் பார்த்ததும் ஓடிவந்து, சிவப்பு நிறத்தில் நாலு கதவு டபுள் கேப் பக்கியின் முன் நிறுத்தினான். மோவாகி உள்ளே ஏறி ஸ்டியரிங்கைத் தடவினார். பசாடி பின்பக்கம் போய்ச் சாமான் ஏற்றும் தொட்டியை ஜாணால் அளந்தாள்.

“இது அஞ்சடிதான் வருது.”

“பின் சீட்டு இருக்கில்ல, மா. அந்த இடம் தொட்டியில குறையும்,” என்றான் லெண்ட்ஸ்வே.

“ரெண்டு கதவு வண்டியில?”

“ஏழரை அடி.”

பசாடி கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துப் படித்தாள். “மூட்டை ஏற்றுகிறவன் கதவுக்குக் காசு கொடுக்கக்கூடாது. டபுள் கேப் என்பது கார் வாங்கத் தைரியமில்லாதவனும் பக்கி வாங்கத் தைரியமில்லாதவனும் சேர்ந்து வாங்குகிற வண்டி.” மடித்து உள்ளே வைத்தாள். “இது யாரு எழுதினது, வாமே அப்பா?”

“நான்தான்.”

“தப்பா எழுதிட்டீங்களா?”

லெண்ட்ஸ்வே மோவாகியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினொரு வருஷ எழுத்தாளன், ஒரு விற்பனைக்காரன் எதிரில், தப்பாக எழுதிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“தப்பெல்லாம் இல்ல,” என்றார் மோவாகி.

“நம்ம பொண்ணு வாமேயும் பலாப்யேயில படிக்கப் போயிட்டா. ரெண்டு சீட்டு போதும்,” என்றாள் பசாடி.

வெள்ளை நிற சிங்கிள் கேப் வந்தது. பசாடி பேரில் பதிவானது. அவள் மூன்று நாள் அதை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்க் கை பழக்கினாள். சனிக்கிழமை மாட்டுப் பட்டிக்குக் கன்னி ஓட்டம் என்று மோவாகி அறிவித்தார். பட்டியைச் சுற்றிலும் உள்ளவர்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னார். சனிக்கிழமை காலை பழைய காரை எடுத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு ஹைப்ரிட் பற்றிச் சந்தேகம். தீர்த்துவைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

உப்புக்கட்டியோடு வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. பக்கி வாசலில் நின்றது. பின் தொட்டியில் சின்ன ஃப்ரிட்ஜ் நிமிர்ந்து நின்றது, டிரைவர் முதுகுப் பக்கமாக நெருக்கி, குறுக்கால ரெண்டு கயிறு. அதை ஒட்டி ஒற்றைக் கட்டில், தையல் மெஷின், ரெண்டு பெட்டி, ஒரு மூட்டை சோளமாவு. ஆஸ்பத்திரிக் கடைநிலை ஊழியர்கள் இரண்டு பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகள் வாமே பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் குனிந்து, போட்டிருந்த பெல்ட்டையே மறுபடியும் போட்டாள்.

மோவாகி பத்துக் கிலோ உப்புக்கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஏற்றியிருந்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் முதலில் அவர் மனசில் பட்டது.

“இதெல்லாம் எங்க போகுது?”

“மவுனுக்கு,” என்றாள் பசாடி. தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“மவுன்ல யாருக்கு?”

“எனக்குத்தான். அங்க ஆஸ்பத்திரியில மேட்ரன் வேலை. திங்கக்கிழமை சேரணும். ஒரு மாசம் முன்னாடியே ஆர்டர் வந்துடுச்சு.”

மவுன் வடக்கே தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே, பசாடி.”

“எட்டு வருஷம் முன்னாடி கேட்டேனே. இதே வேலை. நீங்க அட்டவணை போட்டீங்க. கபரோனிக்கு எண்பத்திநாலு, மவுனுக்கு முப்பத்தொண்ணு. கொசுவுக்கு மட்டும் பன்னெண்டு மார்க் கழிச்சீங்க.”

“மலேரியா இருக்கில்ல?”

“நான் நர்ஸு, வாமே அப்பா.”

மோவாகிக்கு அந்த அட்டவணை ஞாபகம் வந்தது. கோடெல்லாம் நேராகப் போட்டிருந்தார். அன்றைக்கு அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். அவரும் அன்றோடு அதை மறந்துவிட்டார்.

“எனக்குப் போகணும்னு இருக்கிறதுக்கு ஒரு வரி இருக்கும்னு தேடினேன்,” என்றாள் அவள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல். “உங்க மாட்டுக்குக்கூட ஒரு வரி இருந்துச்சு.”

“இந்தத் தடவை நீ அட்டவணை போட்டியா?”

“இல்ல. போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“மூணு வாரமா என்கிட்ட அதெல்லாம் கேட்டியே. டேங்க், கயிறு, கழுதை.”

“உங்களைவிட நல்லா இந்த நாட்டுல யாரு சொல்லுவா?” என்றாள். கிண்டலாகச் சொன்ன மாதிரி இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

“அப்ப நான்?”

“பெரிய ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கு. இறைச்சி வேகவெச்சு நாலு டப்பாவுல வெச்சிருக்கேன். நீங்களே இடிச்சுக்கலாம். வரணும்னு தோணினா வாங்க. அங்க குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம். மார்க் போடறதுக்குத்தான் வரதா இருந்தா வேண்டாம்.”

வாமே ஜன்னல் வழியாக, “போயிட்டு வரேன்ப்பா. பாதி தூரம் நான் ஓட்டறேன்,” என்றாள். பசாடி ஏறிக் கதவைச் சாத்தினாள். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

போகாதே என்று சொல்ல வேண்டும் என்று மோவாகிக்குத் தெரிந்தது. அல்லது நானும் வருகிறேன் என்று. உப்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே ஓடினார். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பசாடி கண்ணாடியை முழுக்க இறக்கி, இன்ஜினைக்கூட அணைத்துவிட்டு, காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். மோவாகி வாயைத் திறந்தார். கண் தன்னால் பின் சக்கரத்துக்குப் போயிற்று.

“லோடு இருக்கு,” என்றார். “பின் டயர் ரெண்டுக்கும் இன்னும் கொஞ்சம் காத்து வைக்கணும்.”

“அதெல்லாம் நேத்தே வெச்சாச்சு,” என்று சாவியைத் திருப்பினாள் பசாடி.