முதலில் எழும்ப வேண்டிய மெசின்

எங்கள் வீட்டில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவள் நான். அந்த நாட்களில் இதை யாரிடமாவது சொல்லாமல் நான் படுக்கைக்குப் போனதில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நானோ யாழ்ப்பாணத்தில் தங்கிக் கொம்பியூட்டரும் படித்து, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, யேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். (கொஞ்சம் உயரமாகவே மாட்டிவிட்டேன். அம்மா பிறகு இறக்கி மாட்டினார்.)

சமாதான காலத்தில், நெடுந்தீவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த சின்னக் கந்தோருக்கு நான்கு கொம்பியூட்டர்கள் வந்தன. நான்கையும் வயரால் இணைத்தவள் நான்தான். அவற்றில் ஒன்று புதியது, பெரியது. எல்லோருடைய வேலையும் அதற்குள்தான் சேமிக்கப்படும். அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. பெரியவருக்குப் பெரியது என்று மனேச்சர் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் அதில் சீட்டு விளையாடினார்.

கூடவே ஒரு சட்டமும் போட்டேன். ஐயாவின் மெசினை ஐயாதான் போட வேண்டும், அந்தக் கதிரையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பின்னேரம் அவருடையதைத்தான் முதலில் நிற்பாட்ட வேண்டும். தீவிலிருந்து அவர் வீடு திரும்பும் லோஞ்சுப் படகில் இருக்க இடம் கிடைக்க வேண்டுமல்லவா?

ஐயா காலை லோஞ்சில் வந்து சேர்வதற்கு முன்பே நாங்கள் எங்கள் மெசின்களைப் போட்டுவிடுவோம். அவை லேசில் எழும்பாது. திரையில் மணற்கடிகாரம் ஒன்று வந்து அப்படியே நிற்கும்.

"பிள்ளை, நான் வீட்டை போய் ஒரு உலை வைச்சிட்டு வாறன். எழும்பினால் கூப்பிடும்," என்பார் பக்கத்து மேசை புஷ்பா அக்கா.

பின்னேரம் அவற்றை நிற்பாட்டுவதும் அதே பாடுதான்.

நான் வைத்தியம் தொடங்கினேன். உப்புக் காற்றுத்தான் காரணம் என்று யன்னல்களைச் சாத்தி எல்லோரையும் வேக வைத்தேன். ஜெனரேற்றர் கரண்டில் பழியைப் போட்டேன். தேவையில்லை என்று எனக்குப் பட்டதையெல்லாம் அழித்தேன். (அதோடு பிரிண்டரும் வேலை செய்யாமல் போனது.)

முறைப்பாடு யாழ்ப்பாணம் வரை போய்விட்டது. மேலதிகாரியான பெரிய சேர் ஒருவர் பார்க்க வருவதாகவும், சரிவராவிட்டால் நான்கையும் வேலணைக் கந்தோருக்கு ஏற்றிவிடுவார்கள் என்றும் தகவல் வந்தது. கொம்பியூட்டர் போனால் அதற்கென்று தற்காலிகமாக எடுத்த நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

பெரிய சேரை வரவேற்பதற்காக ஐயா முதல் நாளே தீவில் தங்கிவிட்டார். விடிந்ததும் கந்தோருக்கு வந்து, பதற்றம் தீரச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். பெரிய சேர் வந்து நின்றபடியே, "எங்கை, போட்டுக் காட்டும் பாப்பம்," என்றார்.

போட்டேன். மூன்றும் மளமளவென்று எழும்பின.

எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "நேற்றுத்தான் சேர், முழுக்கத் துப்பரவாக்கினனான்," என்றேன். உப்புக் காற்றைப் பற்றி ஒரு சின்ன விரிவுரையும் நடத்தினேன்.

"கெட்டிக்காரிதான். அப்ப இவை இஞ்சையே நிக்கட்டும்," என்றார் அவர்.

பின்னேரம் லோஞ்சுக்குப் புறப்படும்போது, "நிப்பாட்டுறதையும் பாத்திட்டுப் போறன்," என்றார். நான் மரியாதை தவறாமல் ஐயாவின் மெசினை முதலில் நிற்பாட்டினேன். பிறகு மற்ற மூன்றையும். மூன்றிலும் மணற்கடிகாரம் வந்து குந்திக்கொண்டது.

"ஒரு நிமிசம் சேர்."

லோஞ் ஊதியது.

"இந்தா, முடியுது சேர்."

மறுபடியும் ஊதியது. லோஞ்சிலிருந்து ஓடிவந்த ஒருவர் யன்னலுக்குள் தலையை நீட்டினார். "சேர் வாறியளோ இல்லையோ? பிந்தினால் நேவி விடாது. சனம் என்னைத் தின்னுது!"

"மெசின் படுக்குதில்லையாம்," என்று அவருக்கு விளக்கினார் புஷ்பா அக்கா.

"தாலாட்டுப் பாடுங்கோவன்," என்றுவிட்டு அவர் ஓடினார். லோஞ்சும் போய்விட்டது, முன்பே போய் இடம் பிடித்திருந்த ஐயாவோடு. அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றரில் எண்ணெய் தீர்ந்தது. மூன்று திரையும் கறுத்து, கந்தோரே அமைதியானது.

"இப்ப நிண்டிட்டுது," என்றார் பெரிய சேர்.

அன்றிரவு அவர் தங்குவதற்கு எங்கள் வீடுதான் கிடைத்தது. பொழுது படும் நேரம் அம்மா புட்டும் கணவாய்க் கறியும் பரிமாறினார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "உந்த மெசினெல்லாம் என்ரை மகள்தான் சேர் பாக்கிறவ."

"ஓம், இண்டைக்குப் பாத்தனான்," என்றார் சேர்.

நான் அவசரமாகச் சேருக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டேன். நாளைக்கு என் வேலை போவது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் முதல் தடவையாக ஒழுங்காக யோசித்தேன். காலையில் ஏன் உடனே எழும்பின? நான் ஒன்றுமே செய்யவில்லை. வழமையில் இல்லாதது ஒன்றுதான்: ஐயாவின் மெசின் எங்களுக்கு முன்பே எழும்பியிருந்தது. மற்ற மூன்றும் எழும்பும்போதும் படுக்கும்போதும் பெரியதைத் தேடுகின்றன. அதைக் காணாவிட்டால், வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பழுது மெசினில் இல்லை. என் மரியாதையில் இருந்தது.

மறுநாள் காலை, பெரிய சேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் போட்ட சட்டத்தை நானே மீறி ஐயாவின் கதிரையில் ஏறி இருந்தேன். பெரியதை முதலில் போட்டேன். மற்றவை உடனே எழும்பின. மூன்றையும் முதலில் நிற்பாட்டிப் பெரியதைக் கடைசியாக நிற்பாட்டினேன். ஒரு மணற்கடிகாரமும் வரவில்லை. அந்த நேரம் வாசலில் ஐயா.

"என்ன பிள்ளை, என்ரை கதிரையிலை?"

"ஐயா… இனி நீங்கள்தான் எல்லாருக்கும் முதல் வரவேணும். கடைசியாத்தான் போகவேணும்."

புஷ்பா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

"அப்ப என்ரை லோஞ்?" என்றார் ஐயா பரிதாபமாக.

பெரிய சேர் சிரித்தபடி தீர்ப்புச் சொன்னார். "கொம்பியூட்டர் இஞ்சை நிக்கட்டும். பெரிய மெசின் இந்தப் பிள்ளையின்ரை மேசைக்குப் போகட்டும். திறக்கிறதும் பூட்டுறதும் இனி உம்மடை பொறுப்பு. உப்புக் காத்தை விட்டிடும்."

அன்று முதல் கந்தோருக்கு முதலில் போகிறவளும் கடைசியில் பூட்டிவிட்டு வருகிறவளும் நான்தான். ஐயா பழைய மெசினில் சீட்டு விளையாடினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு, எல்லோருக்கும் முன் எழும்பி எல்லோருக்கும் பின் படுக்கும் அம்மா குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பக்கம் திரும்பி, "பெரிய மெசின் இன்னும் நிக்கேல்லைப் போல. நாங்கள் படுப்பம்," என்றார். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தார், சட்டியைக் கீழே வைக்காமலே.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பகிடி ஓயவில்லை. இப்போது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் உண்டு. இரவில் நான் குசினியில் நிற்கும்போது என்னவர் கட்டிலில் இருந்தபடி, "பெரிய மெசின் நிண்டிட்டுதோ?" என்று கேட்பார். கந்தோரில் கடைசிவரை எனக்குக் கிடைக்காத பதவி உயர்வு அது.