குனியோவின் பனிச்சறுக்குப் பிரதாபம்

"என்னங்க, அது வலது கால் பூட்ஸ்" என்றாள் சயோகோ.

"தெரியும். தோதா இருக்கான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குள் சிக்கிய இடது காலை உருவக் குனியோ படாதபாடு பட்டார்.

அவர் வாலிபராக இருந்த நாளில், பனிச்சறுக்குத் தெரியாத பையனை டோக்கியோப் பெண்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால் ஆபீஸ் நண்பர்களோடு பஸ் ஏறி இதே மலைக்கு வந்தார். அடிவாரத்தில் விழுந்து கிடந்த சயோகோவைத் தூக்கிவிட்டு, "பயப்படாதீங்க, நான் சொல்லித் தரேன்" என்று அடித்துவிட்டார். வழியில் பத்திரிகையில் படித்ததைத் தவிர அவருக்கு ஒரு எழவும் தெரியாது. அவள் விழ விழ இவர் தூக்கினார். அப்படியே கல்யாணமும் ஆயிற்று.

அதற்கப்புறம் மலைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. அவளும் கூப்பிட்டதில்லை. புளுகு மட்டும் வருஷா வருஷம் வளர்ந்தது. அதை நம்பிய மகள் சிஹாரு, கல்யாண நாள் பரிசாக ரயில் டிக்கெட்டும் விடுதி அறையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். வீரன் என்று நம்பித்தானே சயோகோ கட்டிக்கொண்டாள், இன்று குட்டு உடைந்தால் என்ன நினைப்பாள் என்று குனியோ தப்பிக்க வழி தேடினார்.

"முட்டி வலிக்குது, சயோகோ."

"அதுக்கென்ன?" என்று அவள் பையைத் திறந்து, இரண்டு முட்டியிலும் வலி போக்கும் பட்டையைச் சட்டென்று ஒட்டினாள். வலி என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

அடுத்து, சறுக்குப் பலகை வாடகைக் கடைக்காரரிடம் பாய்ந்தார். "இதெல்லாம் கத்துக்குட்டிங்க மாட்டுறது. நம்ம லெவலுக்கு இதுல ஓட்ட முடியாதுங்க."

"அடடா, மன்னிக்கணும் சார்!" கடைக்காரர் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய், ஆளைவிட உயரமான பந்தயப் பலகைகளைக் கொண்டுவந்தார். "பெரிய ஆளுங்களுக்கு மட்டும்தான் தருவேன். உங்களுக்கு வாடகையே வேணாம்."

குனியோ அழாத குறையாக நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உன்னைத் தனியா விட்டுட்டு நான் மேல போக மாட்டேன். கீழயே குழந்தைங்களோட சேர்ந்து விளையாடலாம்."

"எனக்காக நீங்க ஏன் அடங்கிக் கிடக்கணும்? நானும் மேல வரேன், வாங்க."

லிஃப்ட் நாற்காலி இருவரையும் உச்சிக்கே தூக்கிக்கொண்டு போயிற்று. இறங்கும்போது குனியோ குப்புற விழுந்தார். பலகை ஒன்று கழன்று எங்கோ ஓடியது. எழுந்து எட்டிப் பார்த்தால், சரிவு சுவர் மாதிரி இறங்கியது.

"சயோகோ, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்கு இது தெரியாது. அன்னிக்கும் தெரியாது. உன்கூடப் பேசணும்னு புளுகிட்டேன். மன்னிச்சுடு."

சயோகோ அவர் சட்டைமேல் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"இவ்வளவுதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். லிஃப்டுலயே இறங்கிடலாம் வாங்க. கீழ கடையில சூடா ஒரு கிண்ணம் ஓடென் சூப் வாங்கித் தாங்க, போதும்."

குனியோவுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. சிஹாருவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். இனி முட்டி வலி என்று நடிக்காமல் தைரியமாக நடக்கலாம். கண்கூடக் கலங்கியது. ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைக் குறை சொல்லித் துடைத்துக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி லிஃப்ட் கொட்டகைக்கு நடந்தார்.

"ஐயா, எங்களைக் கொஞ்சம் கீழ இறக்கிவிடுவீங்களா? எனக்கு ஓட்டத் தெரியாது" என்று வெட்கமில்லாமல் கேட்டார்.

லிஃப்ட்காரக் கிழவர் குனியோவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவசரமாகத் தொப்பியைக் கழற்றி, சயோகோவுக்கு இடுப்பு வளைய வணக்கம் போட்டார்.

"டீச்சரம்மா! ஊருக்கெல்லாம் சறுக்கச் சொல்லித் தந்த நீங்க, அன்னிக்கு வேணும்னே விழுந்து விழுந்து இவரைத்தானே புடிச்சீங்க, இன்னுமா இவருக்குச் சொல்லித் தரல?"