கிளிப்புக்கு அடியில் ஒரு சதுரம்

சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். வரிசை மாறிச் சொல்லிவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

அவள் புருஷன் பெயிண்டிங் மேஸ்திரி. நாற்பத்தாறு வயதில் கோணல் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டவர். இன்னும் ஒரு மாதத்தில் கழற்றிவிடுவார்கள். கழற்றிய மறுநாளே போட்டோ எடுக்க வேண்டும். சொந்தமாகப் பெயிண்ட் கடை திறக்கிறார் அல்லவா? கடை போர்டில் அவர் முகம் ஆளுயரத்துக்கு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கப்போகிறது. பல்லிலோ இருபது வருஷத்து டீக்கறை. போதாததற்கு முன்பல்லில் ஒன்று ஓரம் உடைந்தது.

"கிளிப் மேலேயே தடவுங்க மேஸ்திரி, பால் மாதிரி ஆயிடும்" என்று முடிவெட்டும் கடைக்காரர் பல் வெளுக்கும் ஜெல் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பம் என்று மேஸ்திரி நாள் குறித்துவிட்டார்.

பயந்துபோன அவள், வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாமல் பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா! முதல்ல கிளிப்பைக் கழட்டணும். அப்புறம் கொஞ்ச வாரம் விட்டு வெளுக்கணும். வெளுத்த நிறத்தைப் பார்த்துட்டு, கடைசியாத்தான் உடைஞ்ச பல்லை அடைக்கணும். இப்பவே வெளுத்தா கிளிப் ஒட்டின இடம் மட்டும் பழைய நிறத்துலயே நிக்கும். பல்லுக்கு ஒரு சதுரம் தெரியும். அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா.

சொல்லிடுங்க என்று லேசாகச் சொல்லிவிட்டார். யாரிடம் சொல்வது? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று, பெண்டாட்டியை 'ஆறாங்கிளாஸ்' என்றே கூப்பிடும் மனிதரிடம்!

ராத்திரி முழுக்க விரல் மடக்கிப் பாடம் பண்ணினாள். கட்டைவிரல் கிளிப், ஆள்காட்டி விரல் வெளுப்பு, நடுவிரல் அடைப்பு. காலையில் காபியோடு போய் எதிரில் நின்றாள். விரல்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எண்ண விரல் இல்லை.

"என்ன ஆறாங்கிளாஸ், பரீட்சைக்கு வந்த மாதிரி முழிக்கிற?"

"டாக்டரம்மாகிட்ட பேசினேங்க. அவங்க... முதல்ல வெளுத்துட்டு..."

"அப்படிப் போடு! நான் சொன்னதையேதான் அவங்களும் சொல்றாங்க!"

"ஐயோ, இருங்க! முதல்ல அது இல்ல. அது ரெண்டாவது. முதல்ல அடைப்பு... இல்ல, அது கடைசி..."

"போதும். கல்யாணமாகி இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒண்ணைச் சரியாச் சொல்லியிருக்க. அதையும் மாத்திடாத."

"தப்பாச் சொல்லிட்டேங்க. சதுரம் விழுமாம். பல்லுக்கு ஒரு சதுரம்."

"பல்லு என்ன, கட்டம் போட்ட நோட்டா? காபியைக் குடு, ஆறிடப்போகுது."

அவர் வேலைக்குப் போய்விட்டார். டாக்டரம்மாவே சொல்லட்டும் என்று போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனி, ஞாயிறு கிளினிக் லீவு; திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அதற்குள் விடிந்தால் ஞாயிறு. ஆளுயரப் போர்டில் கட்டம் கட்டமாகப் பல். தெருவே நின்று பார்க்கும். ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுக்கிறவன் வாயைப் பார் என்பார்கள். அந்தக் கடையை நம்பித்தான் மனிதர் ஏணியை விட்டே இறங்கப்போகிறார்.

அவள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர்ச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவர் வீட்டுச் சுவர் பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ. பின்கட்டில் பாதி டின் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது.

எழுந்து போய்ப் பிரஷ்ஷை எடுத்தாள்.

சாயங்காலம் வாசலில் காலை வைத்த மேஸ்திரி அங்கேயே நின்றுவிட்டார்.

"யாருடி இந்தச் சுவரை அடிச்சது?"

"நான்தாங்க."

"போட்டோவைக் கழட்டினியா?"

"அது எதுக்குங்க? சுத்தித்தான் அடிச்சேனே."

"அடிப்பாவி! மேஸ்திரி பெண்டாட்டி பண்ற வேலையா இது? மாட்டினதைக் கழட்டாம எவளாவது பிரஷ்ஷைத் தொடுவாளா? இப்படி அடிக்கிற ஆளை நான் அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கேன், தெரியுமா? நாளைக்கு அதை எடுத்தா என்ன ஆகும்னு..."

பாய்ந்துபோய்ப் போட்டோவைக் கழற்றினார். பளிச்சென்ற வெள்ளைக்கு நடுவே பழுப்பாக ஒரு சதுரம்.

"பாரு! நல்லாப் பாரு!"

"பார்க்கிறேங்க" என்றாள். அவள் பார்வை சுவரில் இல்லை. அவர் வாயில் இருந்தது.

திறந்த வாய் அப்படியே நின்றது. கிளிப் மின்னியது. மெதுவாக உதட்டை மூடினார்.

"சதுரம்னு காலையில சொன்னியே... இதுதானா?"

"இதுதாங்க."

"சரி. போர்டுல வாயை மூடிச் சிரிச்சுக்கிறேன்" என்று முணுமுணுத்தார். ஜெல் டப்பாவைக் குப்பைக்கூடையில் போடப் போனவர், போடாமல் ஷேவிங் செட்டுக்குப் பின்னால் வைத்தார். ஓரக்கண்ணால் அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் பயந்தது போலவே ஆயிற்று. புதன்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் கையும் களவுமாக மாட்டினார்.

"கோவிச்சுக்காத. சுவர் வேற, பல்லு வேற. ஞாயித்துக்கிழமையில இருந்து தினமும் தடவுறேன். பாரு, எப்படி வெளுத்திருக்கு! ஜெல்லுன்னா இதுதான் ஜெல். உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்தப் பளபளப்பு வந்திருக்குமா?"

அவள் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். கிளிப்பைச் சுற்றி அதே டீக்கறை.

"ஆமாங்க, கண்ணு கூசுது."

"வாசனைகூட என்னமோ நம்ம டூத்பேஸ்ட் மாதிரிதான் இருக்கு."

"பல்லுக்குப் போடறது எல்லாமே அப்படித்தாங்க மணக்கும்."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பாதிதான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே ஜெல்லைச் சாக்கடையில் கொட்டிவிட்டு டூத்பேஸ்ட்டை அடைத்து வைத்தவள், இப்போதும் கதவைத் தாழ்போட்டுவிட்டு, டூத்பேஸ்ட்டைப் பிதுக்கி மறுபடி விளிம்பு வரை நிரப்பி வைத்தாள்.