சர்வருக்குப் பூக்கட்டிப் பார்த்தேன்

சாமியிடமே கள்ளாட்டம் ஆடியவள் நான். அதுவும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காக.

பரளச்சிப் பக்கம் எங்கள் பெண்கள் விவசாயச் சங்கத்துக்கு நான்தான் தலைவி. (படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் என் கையெழுத்தின் கடைசிச் சுழியை எந்தப் பட்டதாரியாலும் போட முடியாது.) சங்கத்துக்கு இரண்டு டிராக்டர் உண்டு. எங்களுடையது மானாவாரி நிலம். மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். எந்த வீட்டுக்கு எப்போது டிராக்டர் என்ற வரிசையைப் பெண்கள் போனிலேயே பதிந்துகொள்ள, கம்ப்யூட்டர் படித்த என் மருமகள் செல்வி சங்கத்தில் சர்வர் என்று ஒரு பொதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாள்.

அது ஓடுவதற்கு உள்ளே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டுமாம். ஓப்பன் சோர்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது என்றாள்.

"ஓசியில குடுக்கறது எம்புட்டு நாளைக்கு ஓடும்?" என்றேன்.

"ஓசிக்காக இல்ல அத்தை. எழுதுனத யாரும் தெறந்து பாக்கலாம். தப்பிருந்தாத் திருத்தலாம். அம்புட்டுப் பேரு கண்ணும் அது மேல இருக்கு."

இரண்டு வகையைக் காட்டினாள். ஒன்று ஐந்து வருஷத்துக்கு மாறாது. பழுது மட்டும் பார்த்துக் கொடுப்பார்கள். இன்னொன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரும். "நமக்கு மாறாததே போதும்" என்று கூட்டத்திலேயே முடித்துவிட்டாள்.

தலைவி நான் உட்கார்ந்திருக்க, அவள் முடிப்பதா?

"வெதைன்னாப் புது ரகம் கேப்பீக, இதுக்கு மட்டும் பழசா? அம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாப்போம்" என்றேன்.

மாறாததற்கு வெள்ளைப் பூ, புதுசுக்குச் சிவப்பு. இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"சரியாக் குலுக்கலையே" என்றேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாம் முறை சிவப்பு.

"அம்மா சொல்லிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப மொத ரெண்டு தடவ?" என்றார் பூசாரி.

"அது யோசிச்சுக்கிட்டு இருந்தா."

செல்வி புதுசையே ஏற்றினாள். சித்திரையிலிருந்து அது ஒழுங்காகத்தான் ஓடியது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சர்வர் வாங்கும் முறை பற்றி யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கியது. செல்வி நரிக்குடியில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை, சங்கத்தில் வேலை பார்க்கும் முத்துமாரி திரையைப் படித்தாள்.

"அத்தை, புதுசு வந்திருக்காம். ஏத்தவான்னு கேக்குது. செல்வி அக்கா வரட்டுமே..."

"புதுசு வந்தா ஏத்த வேண்டியதுதான? தள்ளு."

நானே அமுக்கினேன். காபி குடித்து முடிப்பதற்குள் டிராக்டர் வரிசை மறைந்துவிட்டது. வரிசையை எழுதும் புரோகிராமுக்கு இந்தப் புதுசு ஒத்துக்கொள்ளவில்லையாம். அது எனக்கு அப்போது எங்கே தெரியும்! அதற்குள் வாசலில் முப்பது பெண்கள்.

"மொதப் பேரு என்னுது!"

"ஒன்னுதா? நீ நாலாவது. நாந்தான் பாத்தேன்!"

"நீ எதுக்கு என் பேரப் பாக்குற?"

"தலைவி, ஈரம் காயுது. ஒரு வழி சொல்லுங்க!"

டிரைவர்கள் இருவரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள். போனை எடுத்தேன்.

"செல்வி, அது நிண்டு போச்சு."

"யாரு அமுக்குனது?"

(அம்மன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.) "நாந்தான் தாயி" என்றேன்.

அடுத்த பஸ்ஸில் வந்தாள். வரிசையை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தாள், மகராசி. பெட்டிக்குள் இருந்ததை அழித்துவிட்டு, மாறாததையே போட்டாள். மதியத்துக்கு மேல்தான் டிராக்டர்கள் கிளம்பின. இரண்டாவதாக இருந்த என் பேரைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். என் முறை வரும்போது மண் காய்ந்து கட்டியாகிவிட்டது. அந்த வருஷம் என் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. போகிறவர்கள் நின்று, "தலைவி, இதுவும் புது ரகமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

செல்வி போட்டது இன்றுவரை ஒருநாளும் நிற்கவில்லை. அந்தப் பெட்டி மேல் அவள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 'அத்தை தொடக் கூடாது.' சங்கத்துக்கு வரும் ஒவ்வொருத்தியும் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆயுத பூஜைக்குப் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். கோந்து தடவி ஒட்டுவது மட்டும் நான். தலைவி இருக்கும்போது வேறு யார் ஒட்டுவது?