இன்னும் பிறக்காத ஈசல்

ஒரு காட்டில், "நீ இன்னும் பிறக்கவில்லை" என்று கம்ப்யூட்டர் ஒரு ஈசலிடம் சொல்லிவிட்டது. ஈசல் அதற்கு முன்னாலேயேதான் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் காட்டில் பறக்க வேண்டுமென்றால் பறப்புச் சீட்டு வாங்க வேண்டும். சிங்கம் போட்ட சட்டம். சீட்டில்லாமல் பறந்தால் காக்கா பிடித்துக்கொண்டு போகும். சீட்டோடு பறந்தாலும் பிடிக்கும், அது வேறு. ஈசலுக்கு ஆயுசே ஒரு நாள். காலையில் மழை விட்டதும் புற்றிலிருந்து வந்தது, நேராக வரிசையில் நின்றது, பாதி ஆயுசு அங்கேயே போச்சு. இன்றைக்குப் பறக்காவிட்டால் அப்புறம் எப்பவுமே கிடையாது.

பிறந்த தேதி என்ற கட்டத்தில் உண்மையாக இன்றைய தேதியைத்தான் போட்டது. கட்டம் சிவந்தது. பிறந்த தேதி இன்றைக்கு முந்தியதாக இருக்க வேண்டுமாம்.

கவுண்டரில் ஓணான் உட்கார்ந்திருந்தது. "அது அப்படித்தான் காட்டும். நாளைக்கு வா."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் சார்."

"ஊருக்குப் போறியா? அப்ப நாளான்னைக்கு வா."

ஈசல் தன் நிலைமையை எடுத்துச் சொன்னது. ஓணான் தலையாட்டிக்கொண்டே கேட்டது. ஓணான் எதற்கும் தலையாட்டும். அதை நம்பி யாரும் இதுவரை எதையும் வாங்கியதில்லை.

பின்னால் நின்ற முள்ளம்பன்றி அக்காவுக்குப் பொறுமை போய் ஓரடி முன்னால் வர, வரிசை மொத்தமும் துள்ளியது. நேற்றுப் பிறந்ததாகப் போட்டுத் தொலைக்கச் சொன்னது அக்கா. தன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வயதைக் கூட்டித்தான் போட்டதாம், பையன் நன்றாகத்தான் இருக்கிறானாம்.

ஈசல் நேற்றைய தேதியைப் போட்டது. கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்தது. இனம் ஈசல், ஒரு நாள் முடிந்துவிட்டது, ஆகவே விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார் என்று வந்தது. கட்டம் முன்பைவிடச் சிவந்தது.

"செத்துட்டேன்னு வருது சார்."

"இறப்புச் சான்றிதழுக்கு அடுத்த கவுண்டர்," என்றது ஓணான், நிமிராமல்.

ஆக, இன்று என்றால் பிறக்கவில்லை, நேற்று என்றால் செத்தாச்சு. நடுவில் வேறு தேதியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சட்டம் கிட்டம் எதுவும் தெரியாத மற்ற ஈசல்கள் கூட்டங்கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன.

ஈசலுக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ணில் பட்ட எண்களை எல்லாம் தட்டியது. நாள் 31. மாதம் 2. வருஷம் ஏதோ ஒன்று. பிப்ரவரியில் முப்பத்தொன்று கிடையாது என்று தெரிந்துகொள்ள அது என்ன காலண்டர் பார்த்து வளர்ந்த பூச்சியா?

கட்டம் பச்சையானது.

கம்ப்யூட்டரில் அந்த விண்ணப்பப் பக்கத்தைச் செய்தது மரங்கொத்தி. நாள் முப்பத்தொன்றைத் தாண்டக் கூடாது, மாதம் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. வயசு கணக்குப் போடப் போன கம்ப்யூட்டர் அப்படி ஒரு நாளைத் தேடித் தேடி, கிடைக்காமல், வயசு என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டது. காலி என்பது ஒரு நாளைவிடக் குறைவா? இல்லை. அதிகமா? அதுவும் இல்லை. சரி என்று சீட்டை அடித்துத் துப்பியது.

ஈசல் பறந்தது. தலைகீழாகப் பறந்தது. ஓணான் மண்டையைச் சுற்றி மூன்று ரவுண்டு. காக்கா துரத்தியபோது அதன் முதுகிலேயே உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனது.

சாயங்காலம் எமனுடைய எருமை வந்தது, கொம்பில் ஒரு டேப்லெட்டைக் கட்டிக்கொண்டு. மற்ற ஈசல்களை வரிசையாகப் பேர் சொல்லி ஏற்றி முடித்தது. இதனிடம் வந்ததும் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தம்பி, உன் பிறந்த தேதில கோளாறு. வயசு காட்டாம நான் உன்னை ஏத்த முடியாது. கவுண்டர்ல போய்த் திருத்தி, புதுச் சீட்டு வாங்கிட்டு வந்து என்கிட்ட குடு. நான் இங்கயேதான் நிப்பேன்."

சரி என்றது ஈசல்.

நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. எருமை அங்கேயேதான் நிற்கிறது. ஈசல் இன்னும் திருத்தப் போகவில்லை.

நீதி: உண்மையைச் சொன்னால் நீ பிறக்கவில்லை, பொய் சொன்னால் செத்துவிட்டாய். ஆகவே யாராலும் கணக்குப் போட முடியாத எதையாவது சொல்லிவிட்டுப் பற.